எடைக்குப் போன காசுகள்

  

சென்ற மாதம் ஒரு நாள், பழுதாகிப் போன கீசரின் செப்புத் தொட்டியை விற்பதற்காக ஜாலி மொகல்லாவில் ஒரு குஜரி கடைக்குச் சென்றிருந்தேன். சென்னையில் காயலான் கடை என்பதை இந்த ஊரில் தமிழரும் கன்னடியரும் ஒருங்கே குஜரி என்றுதான் அழைக்கின்றனர். எனக்கு முன்னால் தள்ளுவண்டிக்காரர் ஒருவர் கொண்டுவந்த சாக்கு தராசில் இருந்தது. உடைந்த குத்துவிளக்கின் தண்டு, தாழ்ப்பாள்கள், உரித்த மின்கம்பிச் சுருள், இவற்றுக்கிடையே பச்சைக் களிம்பேறிய வட்டத் துண்டுகள் சில. ஒன்றை எடுத்துக் கட்டைவிரலால் துடைத்துப் பார்த்தேன். துதிக்கையைத் தொங்கவிட்ட யானை ஒன்று மெல்லத் தெரிந்தது. திப்பு சுல்தான் காலத்துப் பைசா.

கடைக்காரர் கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே நிலைத்துவிட்டவர். என் முகமாற்றத்தைக் கண்டு சிரித்தார். "எல்லாம் செம்புதான் தம்பி. நமக்கு எடைதான் கணக்கு" என்றார். அந்த ஒரு காசை மட்டும் எனக்குத் தருமாறு கேட்டேன். தராசில் போட்டார், பதினொரு கிராம். பத்து ரூபாய் கொடுங்கள் என்றார். கொடுத்தேன். எந்த ஊரிலிருந்து, யார் வீட்டிலிருந்து வந்தது என்று கேட்டதற்கு அவரிடமும் விடையில்லை, வண்டிக்காரரிடமும் இல்லை. நகரம் முழுக்கச் சுற்றி வருபவர் அவர். எந்தத் தெருவில் எதை வாங்கினோம் என்று எப்படி நினைவில் வைத்திருப்பார்? காசு இப்போது எங்கள் துறைச் சேகரிப்பில் இருக்கிறது. பதிவேட்டில் 'கண்டெடுத்த இடம்' என்ற கட்டத்தில் 'தெரியவில்லை' என்று நானே எழுதினேன்.

இந்தப் பதிவு அந்தக் கட்டத்தைப் பற்றியது. அதை நிரப்பவிடாமல் செய்வது குஜரி கடைக்காரரின் அறியாமை என்று பலரும் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பழைய நாணயத்தை உலோகமாக மட்டும் பார்க்கும் பார்வையை நமக்குச் சட்டமே கற்றுத் தந்திருக்கிறது என்பது என் கருத்து.

முதலில் கணக்கைப் பார்ப்போம். செம்பு கிலோ எழுநூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டால் திப்புவின் பைசா எட்டு ரூபாய்க்குச் சற்றுக் குறைவாகத்தான் போகும். நாணயச் சேகரிப்பாளர்களிடம் இதற்குச் சில நூறு ரூபாய் கிடைக்கலாம். அரிய வகையானால் கூடுதலாக. ஆனால் இந்த இரு விலைகளிலும் அடங்காத ஒன்று அதில் இருக்கிறது. திப்பு தன் செப்புக் காசுகளுக்கு வானத்துப் பெயர்களைச் சூட்டினான். பைசாவுக்கு 'ஸுஹ்ரா', அதாவது வெள்ளி என்னும் கோள். அரைப் பைசாவுக்குச் செவ்வாயின் பெயரான 'பஹ்ராம்'. அடித்த அக்கசாலையின் பெயரும் காசிலேயே பொறிக்கப்பட்டது. ஸ்ரீரங்கப்பட்டணம், நகர், பெங்களூர் என்று பல அக்கசாலைகள் இருந்தன. தங்கமும் வெள்ளியும் நெடுந்தொலைவு பயணம் செய்யும். குடத்தில் புதைந்து கிடக்கும். செம்பு அப்படியன்று. அடித்த இடத்துக்கு அருகிலேயே சந்தையில் கை மாறிக் கை மாறித் தேயும். ஆகவே எந்த அக்கசாலைக் காசு எந்தச் சிற்றூரில் கிடைக்கிறது என்று குறித்துக்கொண்டே போனால், பதினெட்டாம் நூற்றாண்டில் கீரையும் உப்பும் வாங்கிய மக்களின் சந்தை எல்லைகளை வரைபடமாகத் தீட்டிவிடலாம். அரசவை ஆவணங்கள் எவையும் இதைச் சொல்வதில்லை. ஊர்ப்பெயர் அறுந்த காசோ இதில் எதையும் சொல்லாது. அப்போது அது உண்மையிலேயே பதினொரு கிராம் செம்புதான். கடைக்காரர் சொன்னது சரியாகிவிடுகிறது.

உலோகமாகப் பார்ப்பது நம் காலத்துக் கோளாறும் அன்று. புதுக்கோட்டைச் சீமையில் கருக்காக்குறிச்சி என்னும் ஊரில் 1898-இல் 501 உரோமானியப் பொற்காசுகள் அடங்கிய புதையல் கிடைத்தது. அவற்றுள் பெரும்பாலானவற்றில் பேரரசனின் தலைக்குக் குறுக்கே உளியால் வெட்டிய தழும்பு காணப்படுகிறது. தேய்ந்தவற்றைப் புழக்கத்திலிருந்து நீக்கவே அப்படி வெட்டினர் என்பது ஒரு விளக்கம். தங்கத்தின் தரத்தைச் சோதிக்கவே என்பது மற்றொன்று. எதுவாயினும், அந்த முகம் இங்கிருந்தோருக்குப் பொருட்டாக இருக்கவில்லை. பொன் பொருட்டாக இருந்தது. இன்னும் சொன்னால் தங்கத்தை நாம் அளக்கும் 'சவரன்' என்ற சொல்லே ஓர் ஆங்கில நாணயத்தின் பெயர்தான். நகைக்கடையில் எட்டுக் கிராம் என்று கணக்கிடுகிறோமே, அந்த நாணயத்தின் எடை 7.99 கிராம். நாணயம் மறைந்து அதன் எடை மட்டும் நம் நாவில் தங்கிவிட்டது.

என் வீட்டிலும் இது நடந்தது. என் பாட்டி ஒரு தகரப் பெட்டியில் வெள்ளி ரூபாய்கள் வைத்திருந்தார். விக்டோரியா தலை சில, ஐந்தாம் ஜார்ஜ் தலை பல. என் அத்தையின் திருமணத்தின்போது அவை அனைத்தும் ஊர்ப் பத்தரிடம் சென்று கொலுசாகத் திரும்பி வந்தன. நான் அப்போது பள்ளிச் சிறுவன். பாட்டி என்னிடம் ஒரு ரூபாயை மட்டும் கொடுத்து, "இதை நீ வைத்துக்கொள், சாமி" என்றார். அது 1918-ஆம் ஆண்டுக் காசு.

பல ஆண்டுகளுக்குப் பிறகு, ஆய்வுக்காக வாசித்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த ஆண்டின் பொருள் எனக்கு விளங்கியது. முதல் உலகப் போரின்போது வெள்ளி விலை ஏறிக்கொண்டே போய், ரூபாய் நாணயத்தில் இருந்த வெள்ளியின் மதிப்பு நாணயத்தின் முகமதிப்பையே எட்டியது. உருக்கினால் இலாபம் என்ற நிலை வந்தவுடன் நாணயங்கள் மறையத் தொடங்கின. அரசு 1917 நவம்பரில் ஒரு ரூபாய்த் தாளை வெளியிட்டது அந்த நெருக்கடியில்தான். அதுவும் போதவில்லை. 1918-இல் அமெரிக்கா 'பிட்மன் சட்டம்' என்ற ஒன்றை இயற்றித் தன் கருவூலத்திலிருந்த 27 கோடிக்கும் மேற்பட்ட வெள்ளி டாலர்களை உருக்கியது. அவற்றுள் ஏறத்தாழ 25.9 கோடி டாலர்களின் வெள்ளி பிரிட்டனுக்கு விற்கப்பட்டு, இந்தியாவுக்குக் கப்பலேறியது. இங்குள்ள அக்கசாலைகளில் அது ரூபாயாயிற்று. என் பாட்டியின் பெட்டியிலிருந்த ரூபாய்களுள் சிலவேனும் முன்பு அமெரிக்க டாலராக இருந்திருக்கக்கூடும். டாலர் ரூபாயாகி, ரூபாய் கொலுசாகி, அந்தக் கொலுசும் பின்னர் என் அத்தையின் மகள் கல்விக் கட்டணத்துக்காக எடைக்குப் போயிற்று.

இதைச் சொல்லிவிட்டு, பாட்டி செய்தது தவறு என்று நான் எழுதப் போகிறேன் என்று எதிர்பார்க்க வேண்டாம். தவறே அன்று. ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய்கள் கோடிக்கணக்கில் அடிக்கப்பட்டவை. சாதாரண ஆண்டுக் காசுகளுக்குச் சேகரிப்பாளர் தரும் விலை பெரும்பாலும் வெள்ளி விலையை ஒட்டியே நடக்கும். எடை 11.66 கிராம், அதில் பதினொரு பங்கு வெள்ளி, ஒரு பங்கு பிற உலோகம். தூய வெள்ளி 10.69 கிராம் தேறும். அதே நேரத்தில் 1940-க்குப் பிறகு வந்த ரூபாயில் பாதிதான் வெள்ளி. 1947-இல் வெள்ளியே போய் நிக்கல் வந்துவிட்டது. இந்த வேறுபாடு தெரியாமல் இரண்டையும் ஒரே விலைக்கு விற்று ஏமாந்தவர்களை அறிவேன். அவர்களுக்கு ஆண்டைப் பார்க்கச் சொல்லிக் கொடுப்பதும் ஆய்வாளனின் கடமைதான் என்று நினைக்கிறேன். பழங்காசு எல்லாம் புனிதம், உருக்குவோர் எல்லாம் பாவிகள் என்று பேசுவது வயிறு நிறைந்தவர்களுக்கு எளிது.

என் வழக்கு வேறு. உருக்குவதற்கு முன் ஒருவர் அதைப் பார்க்க வேண்டும். எங்கே கிடைத்தது என்று எழுதிவைக்க வேண்டும். அவ்வளவே. அதற்கு எது தடையாக நிற்கிறது?

1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் தமிழ்நாட்டிலும் வேறு பல மாநிலங்களிலும் இன்றளவும் நடப்பில் இருக்கிறது. கர்நாடகத்துக்கு 1962-ஆம் ஆண்டின் தனிச் சட்டம் உண்டு. நான் இங்கே பழைய சட்டத்தையே பேசுகிறேன். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும் என்கிறது அது. 1878-இல் பத்து ரூபாய் என்றால் நூறு கிராமுக்கும் மேலான வெள்ளி. இன்று இந்த நகரத்துத் தர்ஷினிகள் பலவற்றில் ஒரு தேநீருக்குக்கூட அது போதாது. தொகையை எவரும் மாற்றவில்லை. அதைவிட வியப்பானது பதினாறாம் பிரிவு. கிடைத்ததை அரசு எடுத்துக்கொள்ள விரும்பினால், அந்தப் பொருளின் உலோக மதிப்பையும், அதனுடன் அம்மதிப்பில் ஐந்தில் ஒரு பங்கையும் சேர்த்துக் கொடுத்தால் போதும்.

அதாவது, குஜரி கடை விலையும் மேற்கொண்டு இருபது விழுக்காடும்.

இதை நம் ஊருக்கே பொருத்திப் பார்ப்போம். 1891-இல் யஷ்வந்தபுரத்தில் உரோமானிய வெள்ளிக் காசுகள் கிடைத்தன, பின்னர் எச்.ஏ.எல். பகுதியிலும் கிடைத்தன. அகஸ்டஸ், திபேரியஸ், கிளாடியஸ் ஆகியோர் காலத்தவை. பெங்களூர் என்ற பெயரே பிறக்காத காலத்தில் இந்த மேட்டுநிலம் கடல்வழி வணிகத்தோடு தொடர்புற்றிருந்தது என்பதற்கு நம்மிடமுள்ள முதன்மையான சான்றுகளுள் அவை அடங்கும். அப்படி ஒரு தினாரியஸ் காசு ஏறத்தாழ 3.8 கிராம் இருக்கும். வெள்ளி கிராம் நூறு ரூபாய் என்று கணக்குக்காகக் கொண்டால் 380 ரூபாய். ஐந்தில் ஒரு பங்கு சேர்த்தால் 456. இன்று தமிழ்நாட்டில் வீட்டுக்கு அடித்தளம் தோண்டும் கூலித்தொழிலாளி ஒருவருக்கு அப்படி ஒரு குடம் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அறிவித்தால் விசாரணை, அலைச்சல், நில உரிமையாளரோடு பங்குத் தகராறு, முடிவில் அரசு எடுத்துக்கொண்டால் எடை விலைக்குச் சற்று மேல். அறிவிக்காமல் பட்டறையில் கொடுத்தால் எடை விலை, அன்றைக்கே, கையில். அவர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்பதற்கு ஆய்வு தேவையில்லை.

செம்பின் நிலை இன்னும் மோசம். மதுரையின் 'பெருவழுதி' காசை நினைத்துப் பாருங்கள். சிறிய சதுரச் செப்புத் துண்டு. அதிலிருந்த தமிழ்-பிராமி எழுத்துகளை நாணயவியலாளர் இரா. கிருஷ்ணமூர்த்தி 1980-களில் படித்து வெளியிட்டபோது, சங்க காலப் பாண்டியர் தம் பெயர் பொறித்துக் காசு வெளியிட்டனரா என்ற நெடுநாள் ஐயம் தீர்ந்தது. எடைக்குப் போட்டிருந்தால் ஐந்து ரூபாய்கூடத் தேறியிராது. கரூரில் அமராவதி ஆற்று மணலை அரித்துப் பிழைத்தவர்கள் கையில் கிடைத்த சேரர் காசுகள் பலவும் இப்படியே தப்பிப் பிழைத்தவைதான். அவை நமக்குக் கிடைத்ததைக் கொண்டாடுகிறோம். தப்பாதவை எத்தனை என்று கேட்பாரில்லை.

இங்கிலாந்தில் 1996-இல் ஒரு புதையல் சட்டம் இயற்றினார்கள். கண்டெடுத்தவருக்கும் நில உரிமையாளருக்கும் முழுச் சந்தை விலை. அதைத் தீர்மானிக்க அரசுக்கு வெளியிலிருந்து வல்லுநர் குழு. இதனினும் பயனுள்ளது 1997-இல் அங்கே தொடங்கிய மற்றொரு திட்டம். புதையல் என்ற வரையறைக்குள் வராத ஒற்றைக் காசு, கொக்கி, பொத்தான் போன்றவற்றை மக்கள் தாமாகவே கொண்டுவந்து காட்டலாம். அலுவலர் படமெடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டு, பொருளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். பறிமுதல் கிடையாது. இப்படிப் பதிவானவை பதினைந்து இலட்சத்தைத் தாண்டிவிட்டன. அந்த நாட்டைப் பார்த்து எல்லாவற்றையும் நகலெடுக்க வேண்டும் என்பவன் அல்லன் நான். நம் புதையல் சட்டத்தை எழுதியதே அவர்கள்தாம். ஆனால் அவர்கள் தங்களுக்கென்று திருத்திக்கொண்டார்கள். நாம் அவர்கள் விட்டுச் சென்றதைப் பத்து ரூபாய் வரம்போடு காத்து வருகிறோம்.

நம் தொல்பொருள் சட்டம் இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி நூறாண்டு கடந்த நாணயம் தொல்பொருள்தான். ஆனால் அச்சட்டத்தின் கவலை முதன்மையாக வெளிநாட்டுக் கடத்தலும் வணிக உரிமமும் பற்றியது. நகரத்துக்குள்ளேயே ஒரு கோணிச் சாக்கில் உலைக்களத்துக்குப் போகும் காசை அதன் கண் காண்பதில்லை. இதில் ஒரு முரணையும் சொல்ல வேண்டும். புழக்கத்திலுள்ள இன்றைய நாணயத்தை உருக்கினால் 2011-ஆம் ஆண்டின் நாணயச் சட்டம் ஏழாண்டு வரை சிறை என்கிறது. காரணமில்லாமல் இல்லை, இந்திய நாணயங்களை வங்கதேசத்துக்குக் கடத்திச் சவர அலகுகளாக்குகிறார்கள் என்று 2007-இல் செய்திகள் வந்தன. நேற்று அடித்த எஃகுத் துண்டுக்கு இவ்வளவு காவல். இருநூறாண்டுச் செம்புக்கோ எடைக்கல்தான் துணை.

எடை விலைக்கு எதிர்ப்புறத்தில் இன்னொரு நோய் பரவிவருவதையும் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. உங்களிடம் இந்த ஐந்து ரூபாய் இருந்தால் ஐந்து இலட்சம் என்று கைப்பேசியில் ஓடும் காணொளிகளைச் சொல்கிறேன். பதிவுக் கட்டணம், வரி என்று முன்பணம் வாங்கிக்கொண்டு மறைந்துவிடும் கும்பல்கள் பெருகியதால், இந்திய ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரிக்கை வெளியிட்டது. இத்தகைய பரிமாற்றங்களில் தங்கள் சார்பில் கட்டணமோ தரகோ வாங்க எவருக்கும் தாங்கள் அதிகாரம் அளிக்கவில்லை என்று அதில் தெளிவாகக் கூறியிருந்தது. இதன் உடன்பிறப்பு, 'கிழக்கிந்தியக் கம்பெனி 1818' என்று பொறித்து இராமர் பட்டாபிஷேகமோ அனுமனோ அச்சிட்ட போலிச் செப்பு வில்லைகள். கம்பெனி அப்படி ஒரு காசை ஒருபோதும் அடித்ததில்லை. ஆயினும் மாதம் ஒருவராவது பூசையறையிலிருந்து அதை எடுத்துவந்து என்னிடம் காட்டுகிறார். அவர் முகம் வாடுவதைப் பார்க்கும்போது பொய் சொல்லிவிடலாமா என்றுகூடத் தோன்றும்.

எடை விலை, குலுக்கல் சீட்டு விலை ஆகிய இந்த இரண்டும்தான் இன்று பொதுமக்களுக்குக் கேட்கின்றன. நாணயவியலாளர்களாகிய நாங்கள் கருத்தரங்குகளில் எங்களுக்குள்ளேயே பேசிக்கொள்கிறோம். தங்கத்துக்கும் வெள்ளிக்கும் கட்டுரை எழுதுவோர் பலர். தேய்ந்த செம்புக்கு ஆளில்லை. குறை எங்கள் பக்கமும் உண்டு.

சட்டம் திருந்தக் காலமாகும். பதினாறாம் பிரிவிலுள்ள 'உலோக மதிப்பு' என்பதைச் சந்தை மதிப்பாக மாற்றுவதற்கு ஒரு சட்டமன்றத் தொடரே போதும். ஆனால் அதற்காக வாக்குக் கேட்பவர் எவருமில்லை. அதுவரை, அருங்காட்சியகங்களும் பல்கலைக்கழகத் துறைகளும் மாதத்தில் ஒரு நாள் கதவைத் திறந்துவைக்கலாம். மக்கள் காசைக் கொண்டுவரட்டும். நாங்கள் படித்துச் சொல்கிறோம். இடத்தை மட்டும் எங்களிடம் விட்டுவிட்டுக் காசை அவர்களே எடுத்துச் செல்லட்டும். பறித்துக்கொள்வார்கள் என்ற அச்சம் இருக்கும்வரை ஒருவரும் வரமாட்டார்கள். நம் முதல் வேலை அந்த அச்சத்தைப் போக்குவது. குஜரி கடைக்காரர்களையும் பட்டறைக்காரர்களையும் இதில் சேர்க்க வேண்டும் என்பேன். இந்த நகரத்தில் எந்த ஆய்வாளனையும்விட அதிகமான பழங்காசுகளைத் தொட்டவை அவர்கள் கைகள்தாம்.

வெள்ளி 2025-இல் ஏறிய ஏற்றத்தைப் பார்த்தவர்களுக்கு இதன் அவசரம் புரியும். 1980-இல் உலகச் சந்தையில் வெள்ளி அவுன்சு ஐம்பது டாலரை நெருங்கியபோது அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பழைய நாணயங்கள் பெருமளவில் உருக்கப்பட்டன. இப்போது நம் வீடுகளின் தகரப் பெட்டிகள் திறந்துகொண்டிருக்கின்றன. விற்க வேண்டியவர்கள் விற்கட்டும். விற்பதற்கு முன் இரு பக்கமும் படமெடுத்து, எந்த ஊரில் யார் வழியாக வந்தது என்று ஒரு வரி எழுதி எனக்கு அனுப்பினால் கட்டணம் ஏதுமின்றிப் படித்துச் சொல்வேன்.

ஜாலி மொகல்லாக் கடைக்காரரிடம் என் எண்ணைக் கொடுத்து இதையே சொல்லிவிட்டு வந்திருந்தேன். இரண்டு வாரம் செய்தி ஏதும் இல்லை. கடந்த ஞாயிறு இரவு வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தார். கம்பெனி பெயர் பொறித்த இராமர் பட்டாபிஷேக வில்லை. "இது ஆகுமா தம்பி?" என்று கேட்டிருந்தார். ஆகாது அண்ணா, போலி, எடைக்கே போட்டுவிடுங்கள் என்று பதில் எழுதினேன். சற்று நேரம் கழித்து இன்னொரு செய்தி வந்தது. நான் கேட்கவே இல்லை, அவராகவே அனுப்பியது: "ஸ்ரீராமபுரம், மூணாவது கிராஸ்ல எடுத்தது."